டியூப் கழற்றிய பிறகு: புராஸ்டேட் வீக்கத்துக்கான எளிய சிகிச்சைகளும் நோயாளிகளின் அனுபவமும்

2013-ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவ ஆய்வில் 66 ஆண்களுக்குச் சிகிச்சை என்ற பெயரில் எதுவுமே செய்யவில்லை. எல்லோரும் ஐம்பது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டவர்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் 19 மையங்களில் அவர்களை மேசையில் படுக்கவைத்து, பார்வைக்குக் குறுக்கே திரை கட்டி, சிறுநீர்ப்பாதைக்குள் உள்நோக்கியை மட்டும் விட்டு எடுத்தார்கள். அசல் சிகிச்சையில் எழும் ஓசைகளையும் காதில் விழும்படி செய்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது அவர்களுடைய அறிகுறி மதிப்பெண் சராசரியாக 5.9 குறைந்திருந்தது. அசல் சிகிச்சை பெற்ற 140 பேருக்குக் குறைந்தது 11.1.

சிகிச்சை பலித்தது என்பதில் சந்தேகமில்லை. பலன் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனாலும் ஒன்றும் செய்யாமலே கிடைத்த அந்த 5.9 லேசுப்பட்டதல்ல. மதிப்பெண் எத்தனை குறைந்தால் நோயாளிக்கு அது உறைக்கிறது என்று அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பேரியும் அவருடைய குழுவினரும் 1995-இல் கணக்கிட்டார்கள். சுமார் 3 குறைந்தால் ‘கொஞ்சம் தேவலை’. 5 குறைந்தால் ‘ஓரளவு நன்றாகவே இருக்கிறது’. 9-ஐ நெருங்கினால் ‘நல்ல மாற்றம்’. அப்படியானால் வெறும் திரையும் ஓசையும் சேர்ந்து ஒரு மனிதரை ‘ஓரளவு நன்றாகவே இருக்கிறது’ என்று சொல்ல வைத்திருக்கின்றன. அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். உபாதை உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் ஆய்வில் வந்து சேர்வார்கள். பிறகு அது இயல்பாகவே சற்றுத் தணியும். நாலு பேர் அக்கறையாக விசாரித்ததும், ஏதோ நடந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் மீதி வேலையைச் செய்கின்றன.

எனவே இந்தச் சிகிச்சைகளைப் பற்றி நோயாளிகள் சொல்வதை எப்படிக் கேட்பது என்பது எளிய கேள்வியல்ல. வாய்வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மனப்பிரமை என்று தள்ளவும் கூடாது. நாற்பது ஆண்டு ஆராய்ச்சியைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஒருவர் திருப்தியோடு வீடு திரும்புகிறாரா, நொந்துபோய்த் திரும்புகிறாரா என்பதில் எந்தக் கருவி என்பதற்கு இருக்கும் பங்கு, அந்தக் கருவி உள்ளே போகும் முன் அவரிடம் என்ன சொல்லப்பட்டது என்பதற்கும் இருக்கிறது.

புராஸ்டேட், இளவயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. எடை 20 கிராம் இருக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப்பாதையைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருக்கிறது. வயது ஏற ஏற அது உள்நோக்கிப் பெருக்கிறது. அறுபது வயதில் ஏறக்குறையப் பாதி ஆண்களுக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்தப் பெருக்கம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. விசித்திரம் என்னவென்றால், வீக்கத்தின் அளவுக்கும் அவதியின் அளவுக்கும் நேரடிப் பொருத்தம் கிடையாது. 100 கிராம் சுரப்பியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குபவர் உண்டு. 35 கிராமிலேயே ஒரு நாள் அடியோடு அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுபவரும் உண்டு.

ஸ்கேன் சொல்லாததை நோயாளி சொல்கிறார் என்பதால்தான் இந்த நோயில் கேள்வித்தாள் முக்கியமாயிற்று. இன்று உலகெங்கும் பயன்படும் ஐ.பி.எஸ்.எஸ். என்ற மதிப்பெண் அட்டவணையில் ஏழு கேள்விகள். போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, தாரை மெலிந்துவிட்டதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கடைசியில் தனியாக எட்டாவது கேள்வி ஒன்று உண்டு: மிச்ச ஆயுள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் முதல் ஏழும் மருத்துவருக்கு, எட்டாவதுதான் நோயாளிக்கு.

இந்தக் கேள்வித்தாள் பிறந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜான் வென்பர்க் என்ற மருத்துவர், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் புராஸ்டேட் அறுவை நடக்கும் விகிதம் பல மடங்கு வேறுபடுவதைக் கண்டார். நோய் அப்படி ஊருக்கு ஊர் மாறாது. மாறியது மருத்துவர்களின் அபிப்பிராயம். காத்திருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும், ஆகவே சீக்கிரம் அறுத்துவிடுவதே நல்லது என்று ஒரு சாரார்; தொந்தரவு இருந்தால் போதும் என்று இன்னொரு சாரார். நோயாளி எதை விரும்பினார் என்று எந்தச் சாராரும் கேட்டு வைத்திருக்கவில்லை. 1988-இல் வென்பர்க்கின் சகாக்கள் அறுவை முடிந்தவர்களையே தேடிப்போய்க் கேட்டு எழுதினார்கள். பெரும்பாலோருக்கு நிவாரணம் கிடைத்திருந்தது. ஆனால் ஒரே அளவு உபாதை உள்ள இருவரில் ஒருவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, மற்றவர் தாங்கவில்லை. பாலுறவில் வரும் மாற்றத்தை ஒருவர் பொருட்படுத்தவில்லை, மற்றவருக்கு அதுவே பெரும் இழப்பு. ஐ.பி.எஸ்.எஸ்.ஸின் ஏழு கேள்விகளுக்கும் மூலமான அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் அட்டவணை 1992-இல் வெளிவந்தது இந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான்.

காத்திருப்பது அவ்வளவு ஆபத்தா என்பதற்கும் 1995-இல் ஒரு விடை வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடுத்தர அறிகுறி உள்ள 556 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தார்கள்; மறு பாதியைக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். மூன்று ஆண்டுகளில் கண்காணிப்பில் இருந்தவர்களில் 24 சதவீதம் பேர் அறுவைக்குப் போனார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கு நிவாரணம் கூடுதல் என்பது உண்மை. மற்ற முக்கால்வாசிப் பேர் அந்த மூன்று ஆண்டை அறுவை இல்லாமல் ஓட்டினார்கள் என்பதும் உண்மை. சிறுநீர் அடியோடு நின்றுபோதல், மீண்டும் மீண்டும் கிருமித்தொற்று, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு, நிற்காத இரத்தக்கசிவு போன்றவை வந்துவிட்டால் பேச்சு வேறு. அவை இல்லாதவருக்கு இது அவசரமற்ற நோய். யோசிக்க நேரம் இருக்கிறது.

யோசிப்பவர் முன்னால் முதலில் நிற்பவை இரண்டு வழிகள். ஒன்று மாத்திரை. டாம்சுலோசின் வகை, சிறுநீர்ப்பையின் வாய்த்தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே தாரை திறக்கும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், விந்து வெளியேறாமல் போகலாம். ஃபினாஸ்டரைடு வகை, சுரப்பியையே கால்வாசி சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், சிலருக்கு ஆசையும் குறையும். அது இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது: டாம்சுலோசின் சாப்பிடுபவர் கண்புரை அறுவைக்குப் போனால் கண் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறுவையின்போது கருவிழிப்படலம் தொய்ந்து துவளும் சிக்கல் இந்த மாத்திரையால் வருகிறது என்று 2005-இலேயே கண்டறிந்துவிட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனாலும் அது வரலாம்.

இன்னொரு வழி டி.யு.ஆர்.பி. சிறுநீர்ப்பாதை வழியாகவே மின்கம்பி வளையத்தை விட்டு, அடைக்கும் சதையைச் சீவிச் சீவி எடுப்பது. 1930-கள் முதல் இருக்கிறது. நிவாரணத்தில் இன்றைக்கும் இதுதான் அளவுகோல். சென்னை, மதுரை போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. முதுகுத்தண்டில் ஊசி, சிறுநீர் வடிய ஓரிரு நாள் டியூப், சில நாள் படுக்கை, இரத்தக்கசிவு. பிறகு நல்ல தாரை. இதற்கு விலை, மூன்றில் இருவருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள்ளேயே பின்னோக்கிப் போய்விடுவது. கத்திக்குத் தயங்கியவர்களும், பின்னாளில் மாத்திரையில் அலுத்தவர்களும்தான் நடுவழி ஒன்று தேடினார்கள்.

அந்த நடுவழியில் முதலில் வந்தவை நல்ல பெயர் வாங்கவில்லை. 1980-களின் கடைசியில் பலூனை உள்ளே விட்டு ஊதிப் பாதையை விரிக்கும் முறை பரபரப்பாகப் பேசப்பட்டது. வலி குறைவு, செலவு குறைவு, நோயாளிகள் திருப்தி என்றார்கள். 1992-இல் ஹெர்பர்ட் லெப்போர் குழுவினர், பலூன் ஊதியவர்களையும் வெறுமனே உள்நோக்கி விட்டு எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. பலூன் பேச்சு அத்தோடு அடங்கியது. (மருந்து பூசிய பலூனாக அது 2023-இல் அமெரிக்க அனுமதியோடு திரும்பி வந்திருப்பது தனிக்கதை.)

அடுத்தது நுண்ணலையால் சுரப்பியைச் சூடாக்கும் முறை. 1996-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. 2000 அக்டோபரில் அதே நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று: சிலருக்குச் சூடு தவறான இடத்தில் பாய்ந்து, பக்கத்து உறுப்புகளில் கடுமையான காயம் ஏற்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கையில் என்னை நிறுத்தியது ஒரு குறிப்பு. நோயாளிக்கு அளவு மீறி மயக்கம் கொடுத்துவிட்டால் வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. அவர் வலிக்கிறது என்று சொல்வதே ஒரு பாதுகாப்பு. அந்தக் கருவியில் வெப்பமானிகள் இருந்தன. அவற்றுக்கு மேல், படுத்திருந்த மனிதரின் குரலையும் ஒரு அளவுகோலாக நிர்வாகம் எடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது புழக்கத்தில் இருப்பவை அடுத்த தலைமுறை. அவற்றில் யூரோலிஃப்ட், தொடக்கத்தில் சொன்ன ஆய்வுக்கு உரியது. வாசல் திரையை இரு பக்கமும் ஒதுக்கி ஆணியில் கட்டுவதுபோல, சுரப்பியின் இரு மடல்களையும் நான்கைந்து சிறிய தையல் பதிவுகளால் இழுத்துக் கட்டிவிடுவது. எதையும் வெட்டுவதில்லை, எரிப்பதில்லை. நோயாளிகள் இதைப் பற்றிச் சொல்வதில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பலன் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே தெரிகிறது. விந்து வெளியேறுவதில் மாற்றமில்லை. பலருக்கு டியூப்பே தேவைப்படுவதில்லை. எரிச்சல், அடிவயிற்றில் கனம், சில நாள் இரத்தம் கலந்த சிறுநீர் எல்லாம் உண்டு; பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் நிவாரணத்தின் அளவு டி.யு.ஆர்.பி.க்குச் சமமில்லை. ஐந்து ஆண்டு முடிவில் 13.6 சதவீதம் பேருக்கு மறு சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

ரெசூம் என்பது நீராவி. 103 டிகிரி செல்சியஸ் ஆவியை ஊசிமுனை வழியாக ஒவ்வோர் இடத்திலும் 9 விநாடி செலுத்துகிறார்கள். வெந்த சதையை உடலே வாரக்கணக்கில் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. 197 பேர் கலந்துகொண்ட ஆய்வில் மூன்று மாதத்தில் 11.2 மதிப்பெண் குறைந்தது. போலிச் சிகிச்சைக்கு 4.3. ஐந்து ஆண்டில் மறு அறுவை 4.4 சதவீதம். எண்களின்படி யூரோலிஃப்ட்டைவிடத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் முதல் சில வாரங்கள் இதில்தான் கடினம். வெந்த சதை முதலில் வீங்கும்; பிறகுதான் வற்றும். அந்த ஆய்விலேயே பத்தில் ஒன்பது பேருக்கு டியூப் போட வேண்டியிருந்தது, சராசரியாக மூன்று நாளுக்கு மேல்.

எங்கள் பெரியப்பா கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆவி சிகிச்சை செய்துகொண்டார். காலையில் போனால் மாலையில் வீடு, மறுநாள் வழக்கம்போல நடமாடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் நான் பார்க்கப் போனபோது வேட்டிக்கடியில் சிறுநீர் வடியும் பையோடு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். “ஏண்டா, நாளைக்கே நடக்கலாம்னு சொன்னாரே அந்த டாக்டர், இந்தப் பையைத் தூக்கிக்கிட்டா நடக்கிறது?” என்றார். டியூப் ஒன்பது நாள் இருந்தது. கழற்றிய பிறகு மூன்று வாரம் நெருப்பாக எரிந்தது. கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே தேய்ந்தார். பையைக் காலி செய்வதும், அளவைக் குறித்து வைப்பதும், வெந்நீர் வைப்பதும் பெரியம்மாவின் வேலையாயிற்று. மூன்றாவது மாதம் தஞ்சாவூர் வரை பேருந்தில் போய் வந்ததைப் பெருமையாகச் சொன்னார். இப்போது ஐ.பி.எஸ்.எஸ். தாளை நீட்டினால் நல்ல மதிப்பெண்தான் போடுவார். அந்த டாக்டரைப் பற்றிக் கேட்டால் மட்டும் இன்றும் முகம் மாறும்.

மூன்று மாதத்தில் எடுக்கும் கணக்கு இந்த மூன்று வாரத்தைப் பார்ப்பதில்லை. டி.யு.ஆர்.பி.யில் சங்கடமான நாட்களில் ஒரு பகுதி ஆஸ்பத்திரிக் கட்டிலில், செவிலியர் கைக்கெட்டும் தூரத்தில் கழிகிறது. எளிய சிகிச்சையில் அதே சங்கடம் வீட்டுக் கட்டிலுக்கு இடம் மாறுகிறது; பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வயதான மனைவி. டியூப் இருக்கும்போது சிறுநீர்ப்பை திடீரென்று இறுகிச் சுருங்கும் வலியை முன்பின் அறியாதவர்கள் ஏதோ விபரீதம் என்று பயந்து இரவில் ஓடிவருகிறார்கள். டியூப்பை எடுத்த அன்று மருத்துவமனையில் தண்ணீரைக் குடித்துக் குடித்துவிட்டு, வருமா வராதா என்று உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. இவை எதுவும் சிகிச்சையின் தோல்வி அல்ல. இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்தவருக்கு இது பொறுத்துக்கொள்ளும் சிரமம். தெரியாதவருக்கு ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம்.

மற்ற முறைகளை வேகமாகக் கடக்கிறேன். ஐ-டிண்ட் என்பது நிக்கல், டைட்டேனியம் கலந்த உலோகக் கம்பிக் கூண்டு. மடித்து உள்ளே விட்டு, ஐந்து முதல் ஏழு நாள் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். அது விரிந்து அழுத்துமிடங்களில் பாதை திறந்துகொள்ளும். அதன் ஆய்வில் உணரத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் 78.6 சதவீதம், போலிச் சிகிச்சையிலோ 60 சதவீதம். அக்வாப்ளேஷன் வேகமான நீர்த்தாரையால், இயந்திரக் கையின் துணையோடு சதையை அரித்தெடுப்பது, பலன் டி.யு.ஆர்.பி.க்கு இணை, விந்துச் சிக்கல் 36 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம். ஆனால் இதற்கு மயக்க மருந்தும் படுக்கையும் வேண்டும். எளிய சிகிச்சை என்ற வரிசையில் வைப்பது கொஞ்சம் தாராளம்தான்.

தமனி அடைப்பு முறைக்கு மட்டும் ஒரு பத்தி தர வேண்டும். காரணம், அது சிறுநீர்ப்பாதையைத் தொடுவதே இல்லை. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ இரத்தக்குழாய் வழியாக நுண்குழலைச் செலுத்தி, சுரப்பிக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளை மணல் போன்ற நுண்மணிகளால் அடைக்கிறார்கள். இரத்தம் குறைந்து சுரப்பி சுருங்குகிறது. இதைச் செய்பவர் சிறுநீரகவியல் மருத்துவர் அல்லர், கதிரியக்கவியல் மருத்துவர். பிரேசிலின் சாவோ பாலோ நகரில் கார்னவாலே குழு இதை இந்த நோய்க்கென்றே செய்து 2010-இல் எழுதியது. போர்ச்சுகலில் பிஸ்கோ குழு 80 பேரிடம் நடத்திய ஆய்வில் ஆறு மாதத்தில் 17.1 மதிப்பெண் குறைந்தது; போலிச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 5. சுவிட்சர்லாந்தில் டி.யு.ஆர்.பி.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது நோயாளிகள் சொன்ன மதிப்பெண்ணில் இரண்டும் நெருங்கி வந்தன. ஆனால் தாரையின் வேகம் போன்ற அளவீடுகளில் டி.யு.ஆர்.பி. தெளிவாக முந்தியது. நோயாளியின் வாயும் கருவியின் எண்ணும் பிரியும் இடம் இது. இதே ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்த முறையில் விந்துப் பிரச்சினையே வராது என்ற பேச்சு உலவிக்கொண்டிருந்தபோது, 56 சதவீதம் பேர் மாற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். டி.யு.ஆர்.பி.யில் 84.

விந்தைப் பற்றிய பேச்சை நம் ஆட்கள் டாக்டரிடம் எடுப்பதில்லை. அறுபத்தைந்து வயதில் இது ஒரு கேள்வியா என்று டாக்டரே நினைத்துவிடுவார் என்ற கூச்சம். டாக்டரோ, இந்த வயதில் அவருக்கு அது எதற்கு என்று தாமாகவே முடிவு செய்துகொள்கிறார். இருவரும் சேர்ந்து மௌனமாகக் கடந்துபோன அந்த விஷயம், ஆறு மாதம் கழித்து வருத்தமாகத் திரும்பி வருகிறது. விந்து பின்னோக்கிப் போவதால் உடலுக்குக் கெடுதல் இல்லை, சிறுநீரோடு வெளியேறிவிடும். விறைப்பும் வேறு, இதுவும் வேறு. உச்சத்தின் உணர்வு சிலருக்கு மாறுவதில்லை, சிலருக்கு மங்கிவிடுகிறது. இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, பரவாயில்லை என்று டி.யு.ஆர்.பி.க்குப் போனவர் வருத்தப்படுவது அரிது. தெரியாமல் போனவர், தாரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தன்னிடமிருந்து எதையோ பறித்துவிட்டதாகவே பேசுகிறார். வென்பர்க்கின் சகாக்கள் 1988-இல் கேட்டு எழுதியதன் சாரமும் இதுவே.

ஏமாற்றத்தின் இன்னொரு ஊற்று இரவு. ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கிறேன் என்றுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். ஏழு அறிகுறிகளில் சிகிச்சைக்கு மிகக் குறைவாக வசப்படுவதும் அதுவே. காரணம், இரவு எழுவதற்குப் புராஸ்டேட் மட்டுமே பொறுப்பல்ல. சர்க்கரை நோய், பகலில் கால்களில் தேங்கி இரவில் படுத்ததும் திரும்பும் நீர், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு, மாலையில் போடும் இரத்தக்கொதிப்பு மாத்திரை, படுக்கும் முன் குடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் என்று இரவில் சிறுநீர் பெருகக் காரணம் பல. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான கணக்கு சொல்கிறது; நம் நாட்டில் புராஸ்டேட் பிரச்சினையோடு வருபவர்களில் பலருக்கு அதுவும் கூடவே இருக்கும். நீண்ட நாள் சர்க்கரை, சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் தளர்த்திவிடும். அடைப்பை நீக்கினாலும் தள்ளுவதற்குப் பைக்குத் தெம்பில்லை என்றால் எந்த ஆவியும் எந்தத் தையலும் உதவாது. அடைப்பைத் தாங்கித் தாங்கி முரடாகிப்போன பை, அடைப்பு நீங்கிய பிறகும் சில காலம் அவசரப்படுத்திக்கொண்டே இருக்கும். “ஆபரேஷன் பண்ணியும் சரியாகலை” என்ற பேச்சில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் சேர்வது.

இந்த ஆய்வுகளில் யாருடைய அனுபவம் இடம்பெறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். யூரோலிஃப்ட்டும் ரெசூமும் 30 முதல் 80 கிராம் வரையுள்ள சுரப்பிகளில் சோதிக்கப்பட்டவை. சிறுநீர் அடியோடு நின்று டியூப்போடு வந்தவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவில்லை. நம் ஊரில் பலர் முதன்முதலாக மருத்துவரைப் பார்ப்பதே அந்த நிலையில்தான். அதுவரை ‘வயசானா அப்படித்தான்’ என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க ஆய்வின் எண்ணைக் காட்டி உறுதி கூறுவது நியாயமில்லை. ஐந்து ஆண்டு கணக்கிலும் ஒரு நெளிவு உண்டு: மறு அறுவை வேறு, மாத்திரைக்குத் திரும்புவது வேறு. இரண்டு முறைகளிலுமே ஏறத்தாழ 11 சதவீதம் பேர் மறுபடி மாத்திரை தொடங்கினார்கள். மாத்திரையை விடுவதற்காகவே சிகிச்சைக்கு வந்தவருக்கு அதுவும் தோல்விதான்; விளம்பரத் தாளில் அந்த எண் இருக்காது.

விளம்பரம் என்றதும் பணம். இரண்டு ஆய்வுகளையும் நடத்தக் காசு கொடுத்தவை அந்தந்தக் கருவியை உருவாக்கிய நிறுவனங்களே. யூரோலிஃப்ட்டை உருவாக்கிய நியோடிராக்ட்டை டெலிஃப்ளெக்ஸ் 2017-இல் 72.5 கோடி டாலர் முன்தொகை கொடுத்து வாங்கியது. ரெசூமின் நெக்ஸ்தெராவைப் பாஸ்டன் சயின்டிஃபிக் அடுத்த ஆண்டு வாங்கியது. இதனால் ஆய்வு பொய் என்று ஆகாது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடத் துணிந்ததே பாராட்டுக்குரியது. ஆனால் ஒருமுறை மட்டுமே பயன்படும் கருவிகள் இவை. நம் நாட்டில் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில், கைக்காசைப் போட்டுச் செய்துகொள்பவை. சேமிப்பை எடுத்துச் செலவழிப்பவரிடம் ‘எளியது’ என்று மட்டும் சொல்வதை வியாபாரப் பேச்சு என்றே நான் சொல்வேன்.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். நடுத்தர அளவுச் சுரப்பி, அடைப்பு முற்றவில்லை, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, விந்து வெளியேறுவது முக்கியம் என்பவருக்கு இவை நல்ல வழி. முதல் மாதத்தைப் பொறுக்கத் தயாரானவருக்கு ஆவி. டியூப்பையே தவிர்க்க வேண்டும், சில ஆண்டுகளில் மறுபடி வர நேர்ந்தாலும் சரி என்பவருக்குத் தையல் பதிவு. பெரிய சுரப்பி, நின்றுபோன சிறுநீர், ஒரே தடவையில் முடிந்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர் டி.யு.ஆர்.பி.யையோ, நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் வளர்த்தெடுத்த ஹோல்மியம் லேசர் முறையையோ கேட்டுப் பார்ப்பது நல்லது. உபாதை இருக்கிறது, ஆனால் எட்டாவது கேள்விக்குப் பதில் ‘பரவாயில்லை’ என்றால், ஒன்றும் செய்துகொள்ளாமல் இருப்பதும் மருத்துவம் ஒப்புக்கொண்ட வழிதான்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒன்று செய்யுங்கள். மூன்று நாள், ஒரு பழைய நோட்டில், எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். அளப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். அந்தத் தாளோடு, டியூப் எத்தனை நாள் இருக்கும், முதல் மாதம் எப்படிப் போகும், விந்து என்ன ஆகும், மறுபடி வர வேண்டியிருக்குமா என்ற நான்கு கேள்விகளையும் கொண்டுபோங்கள். நான்காவதற்கும் எண்ணோடு பதில் சொல்லும் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள்.